மூக்கு மரத்துப்போவதெல்லாம் சைனஸ் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூக்கு மதமதத்துப் போனால் ‘சைனஸ்தான்’ என்று தாமே முடிவு கட்டி, மெடிக்கலில் சொட்டுமருந்து வாங்கிப் போட்டுக்கொள்வோர் நம் ஊரில் அதிகம். அடைப்பு வேறு, மரத்துப்போவது வேறு. அடைப்பு, மூக்கின் உள்சவ்வு வீங்குவதால் வருவது. தொட்டால் தெரியாமல் போவது நரம்பு சம்பந்தப்பட்டது. சொட்டுமருந்து அங்கே எட்டாது. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்ற அடைப்பு நீக்கும் சொட்டுகளை 5 நாளுக்கு மேல் போட்டால் அடைப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

முதலில் பார்க்க வேண்டியது, ஒரு பக்கமா இரு பக்கமுமா என்பதை. பஞ்சை நூல்போலத் திரித்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கு மடல், கன்னம், மேல் உதடு என இரு பக்கமும் மாற்றி மாற்றித் தொட்டால் தெரிந்துவிடும். ஊசியால் குத்திப் பார்க்க வேண்டாம். மார்கழி விடியலில் ஏற்காட்டு மலைப்பாதையில் பைக் ஓட்டினால் மூக்கு முழுதும் மரக்கும். சூடான அறைக்குள் வந்த சற்று நேரத்தில் சரியாகிவிடும். அப்போது முகத்தை நெருப்பருகே காட்டக் கூடாது. உணர்ச்சியற்ற தோலுக்குச் சுடுவது தெரியாமல் வெந்துவிடும். ஆவி பிடிப்பதற்கும் இதே எச்சரிக்கைதான்.

எனக்கு அதிகக் கவலை தருவது சர்க்கரை நோயாளிகள். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவருக்கு ஒரு பக்க மூக்கும் கன்னமும் மரத்து, முகமோ கண்ணோ வலித்தால், 2021-இல் எல்லோரும் கேள்விப்பட்ட கருப்புப் பூஞ்சையாக இருக்கலாம். பெயரை வைத்துக் கருப்புப் பொருக்குக்காகக் காத்திருக்கிறார்கள். கருப்பு என்பது ரத்த ஓட்டம் நின்று சதை அழுகியதன் அடையாளம். மரத்துப்போவது அதற்கு முன்பே வரலாம். அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவர் எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்து, சதைத் துணுக்கைச் சோதிக்க வேண்டும். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி ஊசியும் அறுவையும் தாமதித்தால் கண்ணும் உயிரும் போகும்.

அடுத்தது அக்கி. முதலில் குறுகுறுப்பும் எரிச்சலும், ஓரிரு நாளில் ஒரு பக்கமாகக் கொப்புளங்கள். மூக்கு நுனியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்கு ஆபத்து, ஏனென்றால் மூக்கு நுனிக்கும் கருவிழிக்கும் ஒரே நரம்பின் கிளைகள்தான் போகின்றன. செங்காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் நம் பக்கத்து வழக்கத்தில் இந்த இடத்தில்தான் பார்வை பறிபோகிறது. வைரஸ் மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கண் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும்.

பைக்கில் விழுந்து கன்ன எலும்பு முறிந்தவருக்கு மூக்கு மடல், மேல் உதடு, மேல் வரிசைப் பற்கள் மரத்துப்போகும். கண்ணுக்குக் கீழே வெளிவரும் நரம்பு நசுங்கியிருக்கும். சிடி ஸ்கேன் எடுக்கும்வரை மூக்கைச் சிந்தக் கூடாது. சிந்தினால் காற்று கண்குழிக்குள் ஏறும். விபத்தே இல்லாமல் வாரக்கணக்கில் ஒரு பக்க அடைப்பும், ரத்தம் கலந்த சளியும், கன்ன மரப்பும் இருந்தால் கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். வெளிறிய அல்லது சிவந்த உணர்ச்சியற்ற தேமலுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்ச் சோதனையும் மருந்தும் இலவசம்.

இரு பக்கமும், வாயைச் சுற்றியும், விரல்நுனிகளிலும் சுரீர் என்றால் பெரும்பாலும் பதற்றத்தில் வேகமாக மூச்சு விடுவதே காரணம். மூச்சை மெதுவாக வெளியே விட்டால் அடங்கும். ஆனால் தைராய்டு அறுவை முடிந்த சில நாட்களில் இப்படி வந்தால் கால்சியம் குறைந்திருக்கும். உடனே ரத்தப் பரிசோதனை தேவை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுவோருக்கு வைட்டமின் பி12 குறைந்து மரப்பு வரலாம் என்பது உண்மைதான். அந்த மரப்பு வழக்கமாகப் பாதத்தில்தான் தொடங்கும். மூக்குக்காக மட்டும் பி12 ஊசி போட்டுக்கொள்வதில் பயனில்லை.

திடீரென முகத்தின் ஒரு பக்கம் மரத்து, வாய் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். ஏற்காட்டுக்காரர்கள் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வர வேண்டும் என்பதால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

மருந்துக்கடை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். மூக்குச் சொட்டுமருந்து கேட்டு வருபவரிடம் “அடைப்பா, மரத்துப்போகிறதா? சர்க்கரை இருக்கிறதா?” என்று கேளுங்கள். மரப்பு ஒரு பக்கம் மட்டும் என்றால், மருந்து கொடுக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
காது மூக்கு தொண்டை மருத்துவர்,
சேலம்