ஜொகூர் வீட்டுக் கணக்கு

அன்பு கயலுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களை அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று முறை பார்த்துவிட்டார். மலேசியாவின் ஜொகூர் பாருவில், சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய புக்கிட் சாகார் பக்கம், இரண்டு படுக்கையறை வீடு, ஒரு மில்லியன் ரிங்கிட். ரயில் வருகிறது, வாடகைக்கு விடலாம், ஓய்வுக்காலத்தில் அங்கேயே இருக்கலாம் என்று கணக்கும் போட்டு எழுதியிருந்தாய். "என் பொண்ணுக்கு என்னைவிடத் துணிச்சல்" என்று அவருக்குப் பெருமை வேறு. நான் வாய் திறக்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, அது அந்தக் காலம்" என்பாய். அதனால் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படி.

சிங்கப்பூரில் இருந்துகொண்டு நாங்கள் 2013இல் ஜொகூரில் வீடு வாங்கியபோது நீ பெர்த்துக்குப் போன புதிது. விற்பனைக் கூடத்தில் கறிபஃபும் தே தாரிக்கும் கொடுத்தார்கள். நடுமேசையில் அட்டையில் செய்த குட்டி நகரம், அதன் ஓரமாக ஒரு தண்டவாளம். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் அதிவேக ரயில் விடப்போவதாக அந்தப் பிப்ரவரியில்தான் இரண்டு பிரதமர்களும் அறிவித்திருந்தார்கள். அப்பா அந்தத் தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அந்த ரயில் கிடையாது என்று 2021 புத்தாண்டு அன்று செய்தி வந்தது.

விலை 620,000 ரிங்கிட். அப்போது ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு இரண்டரை ரிங்கிட், அதாவது நம் காசில் 248,000 வெள்ளி. வெளிநாட்டு வீட்டுக்கு, சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கிற மத்திய சேம நிதியில் கை வைக்க முடியாது என்பதால் கையிருப்பைப் போட்டோம், மீதிக்கு அங்கேயே வங்கிக் கடன். மாதத் தவணை 2,067 ரிங்கிட். பராமரிப்புக் கட்டணமும் கட்டடப் பழுதுக்கான சேமிப்பு நிதியும் சேர்த்து 420 சொச்சம். கிடைத்த வாடகையோ 1,600. இதற்குள் மதிப்பீட்டு வரி, ஏர்கான் கழுவுகிற செலவு, முகவருக்கு ஒரு மாத வாடகை. ஒவ்வொரு மாதமும் நாங்கள்தான் அந்த வீட்டுக்கு வாடகை கொடுத்த மாதிரி. வாடகை ஏன் ஏறவில்லை என்கிறாயா? நாங்கள் வாங்கிய அதே ஆண்டில் ஜொகூர் பாருவின் டங்கா பே கரையில் ஒரே சீன நிறுவனம் 9,000க்கும் மேற்பட்ட வீடுகளை விற்பனைக்கு இறக்கியது. அடுத்து கடலைத் தூர்த்துத் தீவுகள் எழுப்பி ஏழு லட்சம் பேருக்கு ஒரு நகரம் கட்டுகிறோம் என்றார்கள். குடியிருக்க ஆளைவிட வீடு அதிகமாகிவிட்டது. அப்பா என்னவோ "ரிங்கிட்டில் நஷ்டமில்லை" என்பார். 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட் போனதே, வாங்கிய விலைக்கே அன்று விற்றிருந்தாலும் கையில் 177,000 வெள்ளிதான். இப்போது ரிங்கிட் கொஞ்சம் தேறியிருக்கிறது, அவரும் கொஞ்சம் தேறியிருக்கிறார்.

உனக்கு நான் இதுவரை சொல்லாத ஒன்று. நம் வீட்டில் குடியிருந்த தம்பி ஈப்போக்காரர். விடியற்காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைக் கடந்து இங்கே சிங்கப்பூரில் தொழிற்சாலைக்கு வருவார். 2020 மார்ச் 18 அன்று கொரோனாவால் எல்லை மூடியது. அவர் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். இரண்டு மாதம் வாடகை அனுப்பினார், மூன்றாம் மாதம் போனில் அழுதார். வேண்டாம் தம்பி என்று சொல்லிவிட்டேன். 2022 ஏப்ரலில் எல்லை திறந்ததும் அப்பாவும் நானும் போய்க் கதவைத் திறந்தோம். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்தேன். இரண்டு வருடமாக யாரும் குளிக்காத குளியலறையில் தரை வடிகாலில் நாற்றத்தை மறித்து நிற்கிற தண்ணீர் வற்றிவிட்டது. சாக்கடை நாற்றமும் கரப்பானும் நேராக வீட்டுக்குள். அலமாரிக் கதவு முழுக்கப் பூஞ்சை. அடுப்படியில் அந்தத் தம்பியின் குக்கர், ஆணியில் அவர் மழைக்கோட்டு. அப்பா ஒன்றும் பேசாமல் வாளியை எடுத்து வடிகால் வடிகாலாகத் தண்ணீர் ஊற்றினார்.

உன் கணக்கு வேறு என்கிறாய். ஒத்துக்கொள்கிறேன், புக்கிட் சாகாருக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே வரும் இந்த ஆர்டிஎஸ் ரயில் அட்டைத் தண்டவாளம் இல்லை. தூண் நிற்கிறது, சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து அஞ்சே நிமிடம், 2026 முடிவில் ஓடும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் ரயில் வருவது விற்கிறவனுக்கும் தெரியும் கண்ணு, அதைச் சேர்த்துத்தான் விலை சொல்கிறான். இப்போது ஜொகூரில் வெளிநாட்டினர் பொதுவாக ஒரு மில்லியனுக்குக் குறைந்து வாங்க முடியாது. இங்கே வேலை பார்த்துக்கொண்டு அங்கே குடியிருப்பவர்கள் காசு மிச்சம் பிடிக்கத்தான் அங்கே இருக்கிறார்கள். மில்லியன் ரிங்கிட் வீட்டுக்குரிய வாடகையை அவர்களில் எத்தனை பேர் தருவார்கள்? வீடு வாங்கும்போது கட்டுகிற முத்திரை வரியை வெளிநாட்டினருக்கு 2024இல் 4 சதவீதமாக்கினார்கள், 2026இல் அதுவே 8. உனக்கு அது மட்டும் 80,000 ரிங்கிட். அங்கே குடியில்லாதவருக்கு வாடகையில் செலவு போக மிஞ்சுவதற்கு 30 சதவீத வரி. ஐந்து வருடத்துக்குள் விற்றால் லாபத்திலும் 30. பெர்த்தில் நீ வரி கட்டும்போதும் இந்த வாடகையைக் காட்டவேண்டும். நீ அனுப்பிய கணக்கில் இதில் ஒன்றுகூட இல்லை, நீச்சல் குளம் மட்டும் இரண்டு படம் இருக்கிறது.

ஓய்வுக்காலத்துக்கு என்றும் எழுதியிருந்தாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். முக்கால் டாங்க் பெட்ரோலோடு சனிக்கிழமை கிளம்பி, கண்ணாடிக் கோயில் காளியம்மனைக் கும்பிட்டு, வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டு அங்கேயே தூங்கிய நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அப்பாவுக்குச் சர்க்கரை கூடியபிறகு ஈசூன் பலதுறை மருந்தகத்தை விட்டு எங்களால் நகர முடியவில்லை. நாற்பத்தைந்து வயதில் இது கணக்கில் வராது. எனக்கும் வரவில்லை.

வாங்காதே என்று நான் சொல்லவில்லை, உன் காசு. டிசம்பரில் வருகிறீர்களே, முன்பணம் கட்டுவதற்கு முன் நம் வீட்டிலேயே பத்து நாள் தங்கிப் பாருங்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு எல்லையைக் கடந்து பார். நீ பார்த்து வைத்திருக்கும் கட்டடத்துக்கு எதிரில் ராத்திரி ஒன்பது மணிக்கு நின்று எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணு. எங்களுக்குப் பிறகு நம் வீடு உன் பேருக்கு மாற மலேசிய நீதிமன்றம் வரை போகவேண்டியிருக்கும். அதையும் அப்போது உட்கார்ந்து பேசலாம்.

சாவி டிவிக்குக் கீழே, பிஸ்கட் டப்பாவில். போனதும் முதல் வேலையாக இரண்டு குளியலறை வடிகாலிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடு.

அம்மா