துருவப் பாசிகளும் டி.என்.ஏ. வரிசையாக்கமும்: நுண்ணோக்கியை மூட்டை கட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துருவப் பகுதிகளின் பனியிலும் உறைந்த கடலிலும் வாழும் பாசிகளை டி.என்.ஏ. வரிசையாக்கத்தின், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையை வாசிக்கும் முறையின், துணையோடு ஆராய்வது பற்றித் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இத்தகைய பொருளைத் தமிழ் நாளேடு ஒன்று இவ்வளவு இடம் கொடுத்து வெளியிட்டது பாராட்டுக்குரியது. ஆயினும், இனி நுண்ணோக்கிக்கு வேலையில்லை, ஒரு குப்பி பனிநீரிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துக் கருவியில் இட்டால் அதிலுள்ள பாசிகளின் முழுப் பட்டியலும் வந்துவிடும் என்ற பொருள்பட அக்கட்டுரை முடிந்திருந்தது. கல்லூரியில் பல ஆண்டுகள் தாவரவியல் கற்பித்தவன் என்ற முறையில், அந்த முடிவு சரியன்று என்பதைக் காரணங்களோடு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

எங்கள் பகுதி வாசகர்களுக்கு இதன் அடிப்படையை விளக்குவது எளிது. ஆரம்பாக்கத்திலிருந்து எல்லை தாண்டித் தடா, சூளூர்ப்பேட்டை வரையில் பழவேற்காடு ஏரியை ஒட்டி இறால் வளர்ப்பவர்கள் யாரும் 'பி.சி.ஆர். பார்த்தாயிற்றா' என்று தமிழிலோ தெலுங்கிலோ கேட்காமல் குஞ்சு வாங்குவதில்லை. சில குஞ்சுகளை நசுக்கி டி.என்.ஏ. எடுத்து, வெள்ளைப்புள்ளி வைரசுக்கே உரிய ஒரு துண்டைப் பற்றிக்கொள்ளும் பிரைமர்கள் என்னும் சிறு டி.என்.ஏ. இழைகளைச் சேர்த்து, அத்துண்டைக் கோடிக்கணக்கில் பெருக்கிப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. வெள்ளைப்புள்ளிக்கு 'நெகட்டிவ்' என்று சான்றிதழ் வந்த குஞ்சுகளில் ஈ.எச்.பி. என்னும் நுண்ணுயிரி இருந்து, இறால் வளராமல் நின்றுபோவதும் உண்டு. அதில் ஆய்வகத்தின் குற்றம் ஏதுமில்லை. எந்தப் பிரைமரை இட்டோமோ அதற்குரிய விடைதான் கிடைக்கும்.

துருவப் பாசிகளை ஆராய்பவர்களும் செய்வது ஏறக்குறைய இதுவே. ஒரே நோய்க்கிருமிக்கான பிரைமருக்குப் பதிலாக, உட்கரு உள்ள உயிர்கள் அனைத்திலும் காணப்படும் 18எஸ் ரைபோசோம் மரபணுவின் ஒரு பகுதியைப் பற்றும் பொதுப் பிரைமரை இடுகிறார்கள். பனிப்பாசிகளில் நெருங்கிய உறவினரைப் பிரித்தறிய ஐ.டி.எஸ்.2 என்ற பகுதியையும், சிலிக்கா ஓடுள்ள பாசிகளான டயாட்டங்களுக்குப் பசுங்கணிகத்தில் உள்ள ஆர்.பி.சி.எல். மரபணுவையும் எடுத்துக்கொள்வதுண்டு. பெருக்கப்பட்ட துண்டுகள் லட்சக்கணக்கில் வாசிக்கப்பட்டு, ஒத்தவை ஒன்றாகத் தொகுக்கப்பட்டு, ஏற்கெனவே பெயரிடப்பட்ட வரிசைகளின் சேமிப்போடு ஒப்பிடப்படுகின்றன. பொதுப் பிரைமர் என்று பெயர் இருந்தாலும் அது எல்லாப் பாசிகளையும் ஒரே அளவில் பற்றுவதில்லை. சில குழுக்களை அது காணாமலே கடந்துவிடும்.

இந்த முறையால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1818இல் ஜான் ராஸ் தலைமையில் சென்ற பிரிட்டிஷ் கப்பல்கள் கிரீன்லாந்தின் கேப் யார்க் அருகே பாறைச்சரிவுகளில் சிவந்த பனியைக் கண்டன. அந்தப் பனியின் சாயத்துக்கு விண்ணிலிருந்து விழுந்த இரும்பு காரணமாக இருக்கலாம் என்று அவ்வாண்டே லண்டன் 'டைம்ஸ்' எழுதியது. (அறிவியல் செய்தியில் நாளேடுகள் அவசரப்படுவது புதிய வழக்கமன்று என்பதை ஆசிரியர் பொறுத்தருள்க.) சிவப்புக்குக் காரணம் அஸ்டாசாந்தின் என்ற நிறமியைச் சேர்த்து வைத்திருக்கும் பாசி என்பது பின்னர் உறுதியாயிற்று. கிளாமைடோமோனாஸ் நிவாலிஸ் என்ற பெயரிலேயே அது பாடநூல்களில் இடம்பெற்று வந்தது. நானும் அப்படித்தான் கற்பித்தேன். பனியில் நாம் காண்பது பெரும்பாலும் அதன் உறங்குநிலைச் செல், அதாவது தடித்த சுவருள்ள ஒரு சிவப்பு உருண்டை. வெவ்வேறு பாசிகளின் உறங்குநிலைச் செல்கள் நுண்ணோக்கியின் கீழ் ஒன்றைப்போல் ஒன்று தோன்றும். அவற்றை மரபணு வரிசைகளே பிரித்துக் காட்டின. 2019இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சாங்குயினா என்ற தனிப் பேரினத்தை நிறுவி, சிவப்புப் பனியின் பாசியைச் சாங்குயினா நிவாலாய்டிஸ் என்றும், ஆரஞ்சுப் பனியின் பாசியைச் சாங்குயினா ஆரான்ஷியா என்றும் விவரித்தனர்.

அதேபோல் ஆர்க்டிக் கடலின் மிகச் சிறிய பச்சைப் பாசியான மைக்ரோமோனாசின் அளவு ஒரு மில்லிமீட்டரின் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. சாதாரண நுண்ணோக்கியில் அது நகரும் ஒரு புள்ளி மட்டுமே. குளிர்நீருக்கென்றே அமைந்த தனி வகை ஆர்க்டிக்கில் பரவியிருப்பது மரபணு வரிசைகள் இல்லாமல் தெரிந்திருக்காது. இன்று அது மைக்ரோமோனாஸ் போலாரிஸ் என்ற தனிச் சிற்றினம். இரு துருவங்களின் சிவப்புப் பனியையும் ஒப்பிட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு, சில பாசி வரிசைகள் வடக்கிலும் தெற்கிலும் ஒன்றாகவே இருப்பதையும், பெரும்பாலானவை அந்தந்தப் பகுதிக்கே உரியவையாக இருப்பதையும் காட்டியது. உருவத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடிந்திருக்காது.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கருவி தருவது எழுத்துக்கோவை மட்டுமே. அந்தக் கோவைக்குப் பெயர் கிடைக்க வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அதே பாசியைத் தனியாகப் பிரித்து, வளர்த்து, வரைந்து, பெயரிட்டு, அதன் வரிசையையும் சேமிப்பில் சேர்த்து வைத்திருக்க வேண்டும். அவ்வாறு சேராதவை 'பெயரறியாப் பச்சைப் பாசி' என்ற அளவில் நின்றுவிடுகின்றன. அதைவிடத் தொல்லை தருவது, சேமிப்பில் தவறான பெயரோடு ஏறிவிட்ட வரிசை. அடுத்து வரும் ஆய்வுகளும் அந்தத் தவற்றையே வழிமொழிகின்றன.

அண்டார்க்டிகாவில், ஆண்டு முழுவதும் பனிக்கட்டி மூடிய பானி ஏரியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட ஒரு பாசியின் வரலாறு இதற்கு நல்ல சான்று. யு.டபிள்யூ.ஓ.241 என்ற எண்ணோடு ஆய்வகத்தில் வளர்க்கப்படும் அப்பாசி முதலில் கிளாமைடோமோனாஸ் சப்காடேட்டா எனப்பட்டது. பின்னர் கிளாமைடோமோனாஸ் ராடென்சிஸ் எனத் திருத்தப்பட்டது. அதுவும் பொருந்தாதென்று அண்மையில் கிளாமைடோமோனாஸ் பிரிஸ்குயி என்ற புதிய சிற்றினமாக அறிவிக்கப்பட்டது. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் பழைய தரவுகளைத் திரும்பிப் பார்த்துத் திருத்த முடிந்ததற்குக் காரணம், உயிருள்ள பாசியே கண்ணாடிக் குடுவையில் இருந்ததுதான். 2021இல் அதன் முழு மரபணுத்தொகை வெளியானபோது, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இரட்டிப்பாகி இருப்பதும், பனிப்படிகத்தைப் பற்றும் புரதங்களுக்கான மரபணுக்களும் அவற்றுள் அடங்குவதும் தெரிந்தன. பனிநீர்க் குப்பியிலிருந்து வந்த ஒரு துண்டு வரிசையைக் கொண்டு இவ்வளவு தூரம் போயிருக்க முடியாது.

எண்ணிக்கையிலும் எச்சரிக்கை வேண்டும். 18எஸ் மரபணுவுக்கு ஒரு செல்லில் எத்தனை நகல்கள் இருக்கும் என்பது குழுவுக்குக் குழு பெரிதும் மாறும். இரு கசையிழைகள் கொண்ட ஒருசெல் உயிரிகளான டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் அது பல ஆயிரம். மிகச் சிறிய பச்சைப் பாசிகளில் மிகச் சிலவே. ஆகவே வாசிப்புகளில் பாதி டைனோஃபிளாஜெல்லேட்டுகளுடையவை என்றால் செல்களிலும் பாதி அவையே என்று கொள்ளக் கூடாது. குளிரோ டி.என்.ஏ.வைக் கெடாமல் காக்கும். வட கிரீன்லாந்தின் படிவுகளிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுப் பழமையுள்ள டி.என்.ஏ. மீட்கப்பட்டதை 2022இல் படித்தோம். அத்தகைய இடத்தில் ஒரு பாசியின் டி.என்.ஏ. கிடைத்ததென்றால் அது இன்று அங்கே உயிரோடு இருக்கிறது என்று பொருளில்லை. காற்றில் வந்து விழுந்திருக்கலாம், எப்போதோ மடிந்திருக்கலாம். உயிரோடு இயங்குவது எது என்று அறிய, இயங்கும் செல்களில் உருவாகும் ஆர்.என்.ஏ.வையும் சேர்த்துப் பார்ப்பதும், செல்லை நேரில் கண்டு எண்ணுவதும் தேவைப்படுகின்றன.

இவை வெறும் வகைப்பாட்டுச் சண்டைகள் அல்ல. சிவப்புப் பாசிகள் படர்ந்த பனி சூரிய ஒளியைத் திருப்பியனுப்பும் திறனை ஓர் உருகு பருவத்தில் 13 சதவீதம் இழக்கக்கூடும் என்று ஆர்க்டிக்கின் 21 பனியாறுகளில் செய்யப்பட்ட ஆய்வு 2016இல் கணித்தது. கிரீன்லாந்துப் பனிவிரிப்பின் மேற்குப் பகுதியைக் கருமையாக்குவதிலும் ஆன்சைலோனீமா என்ற பாசிக்குப் பங்குண்டு. நிலத்தாவரங்களுக்கு உறவான கிளையைச் சேர்ந்த அது கருஊதா நிறமியைத் தாங்கியது. பனி எவ்வளவு உருகும் என்று கணிப்பவருக்கு, ஒரு சதுர மீட்டர் பனியில் உயிருள்ள செல்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் நிறமி எவ்வளவு என்ற எண்கள் வேண்டும். வாசிப்புகளின் விகிதாசாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றைப் பெற முடியாது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கோவாவிலுள்ள தேசியத் துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில், ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் 2008இல் தொடங்கிய ஹிமாத்ரி, அண்டார்க்டிகாவில் மைத்ரி, பாரதி ஆகிய ஆய்வு நிலையங்கள் இயங்குகின்றன. மைத்ரியைச் சுற்றியுள்ள நன்னீர் ஏரிகளின் அடியில் பாசிப் படலங்கள் இருக்கின்றன. மடிக்கணினியோடு இணைக்கக்கூடிய கையடக்க வரிசையாக்கக் கருவியை அண்டார்க்டிகாவின் வறண்ட பள்ளத்தாக்குகளிலேயே இயக்கிக் காட்டியதை 2017இல் ஒரு குழு வெளியிட்டது. எனவே கருவியைக் கொண்டு செல்வது பெரிய தடையன்று. கிடைத்த வரிசைக்குரிய பாசியை அடையாளம் காணக் கண் பழகியவர்கள் எத்தனை பேர் உடன் செல்வார்கள் என்பதே என் கேள்வி.

சென்னைக்கு இந்தத் துறையில் ஒரு மரபு இருக்கிறது. வற்றிவரும் மழைநீர்க் குட்டைகளின் ஈரச் சேற்றிலிருந்து ஃபிரிட்சியெல்லா என்ற பச்சைப் பாசிப் பேரினத்தைப் பாசியியலாளர் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் விவரித்தார். நீலப்பசும் பாசிகளைப் பற்றி அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி 1959இல் வெளியிட்ட பெருநூல் இன்றும் ஆய்வு மேசைகளில் இருக்கிறது. அவர்களுக்கு வரிசையாக்கக் கருவி இல்லை. ஆனால் அவர்கள் வரைந்த படங்களும் விவரிப்புகளும் இருப்பதால்தான் இன்று கிடைக்கும் வரிசைகளில் பலவற்றுக்குப் பெயர் சூட்ட முடிகிறது. கல்லூரிகளில் பாசியியல் செய்முறை வகுப்பு சுருங்கி, பழைய நிரந்தரக் கண்ணாடித் தகடுகளை மாணவர்களுக்குக் காட்டி முடித்துவிடும் நிலை வந்துள்ளது. உயிருள்ள ஒரு துளி நீரைத் தகட்டில் இட்டு, மேல்கண்ணாடியை மெல்ல இறக்கி, அசையும் செல்லின் கசையிழைகளை எண்ணப் பழகாத ஒருவரிடம் 18எஸ் வரிசைகள் ஆயிரம் கொடுத்தாலும், சேமிப்புக் கிடங்கு சொல்லும் பெயரை அப்படியே எழுதி வைப்பதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய முடியாது.

ஆகவே துருவ ஆய்வுகளுக்கு நிதி ஒதுக்குவோர், ஒவ்வொரு வரிசையாக்கத் திட்டத்திலும் பாசியைப் பிரித்து வளர்ப்பதற்கும், மாதிரியின் ஒரு பகுதியைக் கெடாதபடி நிலைப்படுத்தி வைப்பதற்கும், வளர்ப்புக் குடுவைகளைத் திட்டக் காலம் முடிந்த பின்னும் பராமரிப்பதற்கும் தனித்தொகை ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். பழவேற்காட்டில் நீர் மழைக்காலத்தில் நன்னீரை ஒட்டியும் கோடையில் கடலைவிட உப்பாகவும் மாறுவதால், இரண்டு முறைகளையும் ஒரே மாதிரியில் ஒப்பிட்டுப் பயில அதைவிட நல்ல இடம் தேடவேண்டியதில்லை. ஏரியின் இருபுறத்துக் கல்லூரிகளும், பி.சி.ஆர். வசதி ஏற்கெனவே உள்ள இறால் ஆய்வகங்களும் சேர்ந்தால் பெருஞ்செலவின்றி இதைத் தொடங்கலாம். தங்கள் நாளிதழும் அடுத்த முறை இத்தகைய செய்தியை வெளியிடும்போது, கண்டறியப்பட்டவை வரிசைகளா, வளர்த்துப் பெயரிடப்பட்ட சிற்றினங்களா என்பதைக் குறிப்பிட்டு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
ஆரம்பாக்கம்.