மாலை கழற்றும் முன் கூட்டத்தைத் தேடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டப்புறத்தில் குடியை நிறுத்த மாலை போட்டு விரதம் இருப்பதே சிறந்த வழி என்று ஞாயிறு இதழில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதை மறுக்க நாங்கள் இதை எழுதவில்லை. விரதத்தில் பலர் உண்மையாகவே நிறுத்துகிறார்கள். மாலை கழற்றிய இரவில் என்ன நடக்கிறது என்பதும் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். இடைவெளி விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு ஒரு போத்தல் சம்சு என்ற மலிவான சாராயத்துக்கும் நின்றவர் அன்று பாதியிலேயே விழுவார். அதனால் விரதம் முடிவதற்குள் ஓர் ஆதரவுக் கூட்டத்தைக் கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்கிறோம்.

அதற்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. விடிந்ததிலிருந்தே குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும், ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் இதைத்தான் சாமி வந்திருக்கிறது, காற்று அடித்திருக்கிறது என்று திருநீறு பூசிப் படுக்க வைக்கிறார்கள். உயிர் போகக்கூடிய கட்டம் அது. 999க்கு அழையுங்கள்.

நிறுத்துவதற்கு முன்பே அரசாங்க கிளினிக்குக்குப் போவது நல்லது. குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். குடிப்பழக்கத்தை அளக்கும், 10 கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ சோதனையைக் கேளுங்கள். 8 புள்ளியிலிருந்தே கவலைக்குரிய குடி. 20ஐத் தொட்டால் உடம்பு மதுவுக்கு அடிமைப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். குடிக்கும் அளவை வெட்கப்பட்டுப் பாதியாகச் சொன்னால் டாக்டரின் கணிப்பும் தவறிவிடும். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து வீட்டிலேயே நடுங்கிக் கிடப்பவர்கள்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்கள்.

இனி கூட்டம். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கிய ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’, சுருக்கமாக ஏஏ, மலேசியாவிலும் இயங்குகிறது. சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் இல்லை, முழுப் பெயரும் தோட்டத்தின் பெயரும் சொல்ல வேண்டியதில்லை. கூட்டப் பட்டியல் இணையத்தில் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி மோட்டாரை எடுக்காதீர்கள், முதலில் போன் செய்யுங்கள். இந்த வாரம் கூட்டம் உண்டா, எந்த மொழியில், எந்த வாசல், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா? மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகளுக்கு மட்டுமே இடம். இதைக் கேட்காமல் மனைவியும் கூடப் போனால் வாசலிலேயே சங்கடம். குடும்பத்தாருக்கென்று 1951இலிருந்து ‘அல்-அனான்’ தனியாக இருக்கிறது.

சர்ச்சு மண்டபத்தில் நடக்கிறது என்றதும் மதம் மாற்றுவார்கள் என்று ஒதுங்குகிறவர்கள் உண்டு. வாடகை கொடுத்து எடுக்கும் அறை அது. குடியிலிருந்து மீள ஏஏ வகுத்த பன்னிரண்டு படிகளில் வரும் கடவுளும் ‘நாம் புரிந்துகொண்டபடியான’ கடவுள்தான். முனியாண்டியை நினைத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. பெரும்பாலும் ஒரு மணி நேரக் கூட்டம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, புத்தி சொல்வதில்லை. பேச விருப்பமில்லை என்றால் “நான் கேட்கிறேன்” என்று சொல்லிவிட்டு உட்காரலாம். வசூல் தட்டு வரும். புதியவர் போட வேண்டியதில்லை. கிளம்பும்போது இரண்டு பேரின் கைப்பேசி எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள், சம்பள நாளில் கை அரிக்கும்போது அழைப்பதற்கு. குடிபோதையில் இருப்பவரை மைத்துனர்கள் தூக்கி வந்து போடுவது வீண். மறுநாள் அவருக்கு எதுவும் நினைவிருக்காது. முதல் கூட்டத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல் ஐந்தாறு முறை போய்ப் பார்க்கட்டும்.

தமிழில் வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக் குழுக்களின் இணையக் கூட்டங்கள் உதவும். ஆனால் அங்கே இரவு 8 மணி என்றால் நமக்கு 10.30. விடியற்காலையில் செம்பனைக் குலை வெட்டப் போகிறவருக்கு அது ஒத்துவராது. முன்னதாக நடப்பதைத் தேடுங்கள். லயத்துப் பலகைச் சுவரில் எல்லாம் கேட்கும், இயர்போன் கட்டாயம்.

ஊரிலேயே தொடங்கவும் முடியும். குடியை விட நினைக்கும் இரண்டு மூன்று பேர் கூடினாலே அது குழுதான். ஒரே ஒரு தொல்லை: செய்தி கசிந்ததும் ஒய்பியின் (தொகுதி மக்கள் பிரதிநிதியின்) ஆட்கள் காசோலையும் பதாகையுமாக வருவார்கள். அன்போடு திருப்பி அனுப்பிவிடுங்கள். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏ மரபு. படம் பேப்பரில் வந்துவிட்டால் மறுவாரம் நாற்காலிகள் காலியாகத்தான் கிடக்கும். அறையைக் கூடியவரை கோயில், கள்ளுக்கடை இரண்டின் பார்வையிலும் படாத இடத்தில் பிடியுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிழா அறிவிப்புகளைப் போடும் பக்கத்தில், உறுதிசெய்த கூட்டங்களின் ஊர், கிழமை, நேரம், மொழி, திறந்ததா மூடியதா என்பதை வாரம் ஒரு முறை இரண்டு வரியில் வெளியிடுங்கள். ஆட்களின் பெயர் வேண்டாம்.

இப்படிக்கு,
தொண்டர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.