மீன் பெட்டியில் பதினொரு நோட்டுகள்

நியூயார்க் குவீன்ஸ் நண்பர்களுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் வாளியோடு வந்து நின்றவர்களுக்கும்,

வெள்ளம் வந்த அந்தப் புதன்கிழமை இரவைப் பற்றி எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப்பேர் வீட்டிலும் அதே தண்ணீர்தான் புகுந்தது. நாங்கள் எல்லோரும் உயிரோடு மேலே ஏறி வந்துவிட்டோம், அது போதும்.

பம்பு கொண்டுவந்த தெருமுனை வீட்டுக்காரர், இரண்டு நாள் படுக்க இடம் கொடுத்த மேல்மாடிக் குடும்பம், கோயிலிலிருந்து புளியோதரைப் பொட்டலங்களைச் சுமந்துவந்த பிள்ளைகள், ஊறிப்போன மெத்தையைப் படியேற்றித் தெருவுக்குக் கொண்டுவந்த எதிர்வீட்டு இளைஞர்கள், சேறு படிந்த இசைத்தட்டுகளைக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவி, தட்டு அடுக்கும் கம்பித் தாங்கியில் வரிசையாக நிறுத்திவைத்த என் மைத்துனி. இத்தனை பேருக்கும் ஒரே மூச்சில் நன்றி சொல்லி முடிப்பது அநியாயம் என்று தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். மீன்கடை அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். கிங் கர்ட்டிஸ் என்ற சாக்சபோன்காரரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதப்போகிறேன் என்று பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். எழுதியது ஒரு அத்தியாயமும் இல்லை. குறிப்பெடுத்தது மட்டும் பதினொரு நோட்டு. அவை கீழ் அறையில், தரையை ஒட்டிய தட்டில் இருந்தன. வியாழக்கிழமை காலை எடுத்தபோது நனைந்த அப்பளக் கட்டுபோல் கனத்தன. குப்பைப் பையில் போட்டுக் கட்டப்போகும்போதுதான், பால் வேண்டுமா என்று கேட்க அண்ணன் வந்தார்.

“இது கையெழுத்தா, தம்பி?” என்றார். எனக்கு 58 வயது, அவருக்கு நான் தம்பிதான். ஆமாம், இனிப் பிரயோஜனமில்லை என்றேன். பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “விட்டுவைத்தால் இரண்டு நாளில் பூசணம் பிடிக்கும். பிரீசரில் போடுகிறேன். மீனே கெடாமல் கிடக்கிறது, தாள் கெட்டுவிடுமா?”

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஒவ்வொரு நோட்டையும் மீன் சுற்றும் மெழுகுத்தாளில் தனித்தனியாகச் சுற்றி, மேலே தடித்த பேனாவால் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு, வஞ்சிரத்துக்கும் நெத்திலிக்கும் நடுவே இடம் ஒதுக்கி அடுக்கினார். நனைந்த ஆவணங்களை நூலகங்களும் இப்படித்தான் உறையவைத்துக் காப்பாற்றுகின்றன என்று பிறகு படித்தேன். அண்ணன் அதையெல்லாம் படித்தவரில்லை, மீனை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார். அவருடைய கிடங்கிலும் தண்ணீர் புகுந்து அரிசி மூட்டைகள் வீணாகியிருந்தன. அது எனக்கு நான்கு நாள் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

பிறகு சனிக்கிழமைக்கு இரண்டு நோட்டாக எடுத்தோம். கடையின் பின்மேசையில் வைத்து, இளக இளக ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையில் துடைக்கும் காகிதம் செருகுவது வேலை. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியதெல்லாம் அப்படியே நின்றது. மை பேனாவால் அழகாக எழுதியதெல்லாம் நீல மேகமாகிவிட்டது. கர்ட்டிஸ் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் 1934இல் பிறந்தது, ஜாஸ் சாக்சபோன்காரர் ஆர்னெட் கோல்மன் படித்த அதே பள்ளியில் படித்தது, லயோனல் ஹாம்ப்டனின் ஜாஸ் குழுவோடு ஊர் சுற்றியது, 1952இல் நியூயார்க் வந்தது எல்லாம் மேகம். 1958இல் கோஸ்டர்ஸ் குழுவின் பாட்டுகளில் கோழி கொக்கரிப்பதுபோல் ஸ்வரங்களைக் கொத்திக் கொத்தி வாசித்த பக்கம் தப்பியது.

“யார் இவர்? இவருக்காகவா இத்தனை பாடு?” என்று அண்ணன் கேட்டார். 1965 ஆகஸ்டில் இதே குவீன்ஸில், ஷே ஸ்டேடியத்தில், 55,000 பேருக்கு மேல் கூடியிருந்த இடத்தில் பீட்டில்ஸுக்கு முன்னால் வாசித்தவர்களில் இவரும் ஒருவர் என்றேன். “பீட்டில்ஸைப் பார்க்க வந்த கூட்டம் இவரை எங்கே கேட்டிருக்கும்?” என்றார். நியாயமான கேள்வி. அந்த அரங்கம் இன்று இல்லை, அது நின்ற இடத்தில் கார்கள் நிற்கின்றன.

அதனால் கைப்பேசியில் பாடகி அரீத்தா பிராங்க்ளினின் ‘ரெஸ்பெக்ட்’ பாட்டைப் போட்டுக் காட்டினேன். முதலில் அதைப் பாடிய ஓட்டிஸ் ரெட்டிங்கின் பதிவில் சாக்சபோன் வரும் இடைப்பகுதியே கிடையாது. 1967இல் அரீத்தாவுக்காக வேறொரு பாட்டின் ஸ்வரக்கூட்டுகளை எடுத்துவந்து நடுவில் வைத்தார்கள். அதன்மேல் கர்ட்டிஸின் டெனர் சாக்சபோன் ஏறி இறங்கும். இருபது நொடிக்குள் முடிந்துவிடும். அண்ணன் கையில் செதில் சீவும் கத்தியோடு தலையைச் சாய்த்துக் கேட்டார். “இன்னொருமுறை போடு” என்றார். நான்கு முறை போட்டேன்.

அவர் எப்படி இறந்தார் என்பதையும் கேட்டார். 1971 ஆகஸ்டு 13, மன்ஹாட்டன் மேற்கு 86ஆம் தெருவில் தன் வீட்டு வாசலில். ஏசி பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கர்ட்டிஸுக்கும் படியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தகராறு. கத்திக்குத்து. வயது 37. அந்த ஆண்டு மார்ச்சில்தான் சான் பிரான்சிஸ்கோவில் ஃபில்மோர் வெஸ்ட் மேடையில் அரீத்தாவுக்குப் பின்னால் நின்று குழுவை நடத்தியிருந்தார். அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “வாசல் படியில் உட்கார்ந்திருப்பவனை எழுந்து போகச் சொல்ல எனக்கும் பயம்தான்” என்றார்.

காப்பீட்டு நிறுவனத்தில் இருந்து வந்த அம்மையார் நோட்டுகளின் மதிப்பைக் கேட்டு, நான் சொல்லத் திணறியதும் சுழியம் என்று எழுதிக்கொண்டு போனார். அவரைக் குறை சொல்லவில்லை, எனக்கே தெரியாத மதிப்பு. அண்ணனும் பிரீசர் வாடகை என்று ஒரு காசு வாங்கவில்லை. மல்லுக்கட்டியும் பார்த்தேன். “புத்தகம் வந்ததும் ஒன்று கொடு, போதும்” என்கிறார். அவர் வாயில் ‘புத்தகம்’ என்ற சொல் வந்தபிறகு எனக்கு ஒளிய இடமில்லை. ஆகவே உங்கள் எல்லோர் முன்னிலையிலும் எழுதித் தருகிறேன். அடுத்த ஆகஸ்டு 13க்குள் முதல் பிரதி தயாராகும். மை பேனாவை இனி தொடமாட்டேன்.

பத்து நோட்டுகள் வீட்டுக்கு வந்துவிட்டன. மொட்டைமாடி வெயிலில் காயவைத்தும் லேசாக நெத்திலி வாடை அடிக்கிறது. பதினொன்றாவது நோட்டு, கர்ட்டிஸின் இறுதிச் சடங்கு பற்றியது, இன்னும் அண்ணனிடம்தான் இருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை எடுக்கப்போகிறேன். அன்றைக்குப் புது வஞ்சிரமும் வருகிறதாம், வேண்டியவர்கள் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.