படகின் பெயரைக் கவனித்தீர்களா?

ஆசிரியருக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் ஈரி ஏரியையும் ஹட்சன் ஆற்றையும் இணைக்கும் ஈரி கால்வாயைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1825இல் நியூயார்க் மாநில ஆளுநர் டீவிட் கிளின்டன் பஃபலோவிலிருந்து நியூயார்க் வரை போன ‘செனகா சீஃப்’ (செனகா தலைவன்) படகைப் போலவே 73 அடி நீளத்தில் ஒன்றைச் செய்து, 200ஆவது ஆண்டான 2025இல் அதே வழியில் கொண்டுபோன கதை. நன்றாக இருந்தது. ஆனால் ஒரு விஷயம் விட்டுப்போனது.

மகள் வீட்டுக்கு வந்திருந்ததால், செப்டம்பர் கடைசியில் அந்தப் புதிய படகு கால்வாய்க்கரை ஊரான லாக்போர்ட்டைக் கடந்தபோது நானும் கரையில் நின்றேன். பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவன். மதகைக் கண்டால் கால் தானாக நின்றுவிடும். இங்கே இரண்டு லாக்குகளில், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளில், படகு ஏறத்தாழ 50 அடி கீழே இறங்க வேண்டும். பம்பு கிடையாது. தொட்டியில் இருக்கும் தண்ணீரைத் திறந்துவிட்டால் அதோடு படகும் மெல்ல இறங்குகிறது, அவ்வளவுதான். பக்கத்திலேயே 1825இல் பாறையை உடைத்துக் கட்டிய ஐந்து படி லாக்கின் இடம் இருக்கிறது. வெடிமருந்தும் கை உளியுமாக வேலை செய்தார்கள்! அன்று படகைக் குதிரைகள் கரையில் நடந்து இழுத்தன. இன்று ஒரு இழுவைப் படகு. குழந்தைகளுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சரி, விட்டுப்போனதற்கு வருகிறேன். கிளின்டன் ஈரி ஏரித் தண்ணீரைப் பீப்பாயில் எடுத்துப்போய் நியூயார்க் துறைமுகத்தில் கடலில் ஊற்றினார் என்பதோடு கட்டுரை நின்றுவிடுகிறது. இந்த முறை அப்படிச் செய்யவில்லை. ஏரித் தண்ணீரை வழியிலுள்ள ஊர்களில் வெள்ளைப் பைன் கன்றுகளுக்கு ஊற்றினார்கள். செனகா மக்கள் உள்ளிட்ட ஹோடனோஷோனி என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளின் கூட்டமைப்புக்கு அது சமாதான மரம்; அதன் வேருக்கடியில் ஆயுதங்களைப் புதைத்தே அவர்கள் ஒன்றுசேர்ந்தார்கள் என்பது அவர்களின் மரபு.

363 மைல் கால்வாய் ஓடியது பெரும்பாலும் அவர்கள் வாழ்ந்த மண்ணில். பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு டன்னுக்கு 100 டாலராக இருந்த சரக்குக் கூலி 10 டாலர் அளவுக்கு இறங்கியதும் குடியேறிகள் குவிந்தார்கள். நிலத்தின் விலை ஏறியது. 1838இல் போட்ட பஃபலோ கிரீக் ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாகச் சில வருடங்களில் பஃபலோவை ஒட்டியிருந்த செனகா நிலம் கைமாறிப்போனது. படகுக்கு மட்டும் அவர்கள் தலைவனின் பெயர்! அந்தப் பெயரை இன்றும் மாற்றாமல் வைத்து, கூடவே மரமும் நட்டது எனக்குச் சரியாகவே பட்டது. மரம் நட்டால் நிலம் திரும்பி வராது என்று என் மகள் சொல்கிறாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

இருநூறுக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் பஃபலோவில் உட்கார்ந்து இழைத்த படகு அது. தங்கள் கையால் செய்தது ஊர் திரும்பும்போது கூடிக் கொண்டாடத்தான் செய்வார்கள், கொண்டாடவும் வேண்டும். அந்த வரவேற்பின் படத்தை நீங்கள் போடுவதானால், படகில் எழுதியிருக்கும் பெயர் தெரியும்படி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படத்துக்குக் கீழே, செனகா என்றால் யார் என்று ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளர்,
லாக்போர்ட், நியூயார்க் மாநிலம்