தரம் 6: தள்ளிப்போன வருடத்தில் செய்ய வேண்டிய வேலை

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் தரம் 6 கலைத்திட்ட மாற்றம் 2027ஆம் ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டதும், சுற்றுநிருபம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பல பாடசாலைகளில் வந்துவிட்டது. பாடநூலுக்குப் பதிலாக வரவிருந்த பாடத் தொகுதிகளில் (மொடியூல்), ஆங்கிலத் தொகுதியில் பொருத்தமற்ற இணையத்தளம் ஒன்று இடம்பெற்ற சர்ச்சையோடு வந்த அவகாசம் இது. தொகுதிகளைத் திருத்துவது மேலே உள்ளவர்களின் வேலை. பாடசாலைக்குள் செய்து முடிக்க வேண்டிய வேலை வேறு இருக்கிறது. அதில் முதலாவது கணிப்பீட்டுப் பதிவேடு, அதாவது வகுப்பறைச் செயற்பாடுகளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆசிரியர் இடும் புள்ளியை எழுதும் ஏடு.

2007இல் தரம் 6இலும் 10இலும் பிள்ளை எதைச் செய்யக் கற்றது என்பதை மையமாகக் கொண்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியபோது, வகுப்பறையில் பிள்ளை செய்வதைப் பார்த்தே கணிப்பிட வேண்டும் என்றுதான் வழிகாட்டி நூல்கள் சொல்லின. 2015இல் கலைத்திட்டம் மறுபடி திருத்தப்பட்டபோதும் அந்த நோக்கம் மாறவில்லை. ஆனால் எத்தனையோ இடங்களில் பதிவேடு நிரம்புவது தவணை முடிகிற கிழமையில்தான். பரீட்சைப் புள்ளியைப் பார்த்து அதற்குப் பொருத்தமாக நியதிகளுக்கு, அதாவது எதைப் பார்த்துப் புள்ளியிடுவது என்று எழுதிய வரிகளுக்கு, எண் போட்டுவிடுகிறார்கள். ஆசிரியர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். ஒரு விஞ்ஞான ஆசிரியருக்கு ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 பிள்ளைகள். தவணைக்கு மூன்று செயற்பாடு, ஒவ்வொன்றுக்கும் ஐந்து நியதி என்று கேட்டால் 3,000 பதிவுகள். தவணையில் 60 பாடசாலை நாட்கள் கிடைத்தாலும் நாளொன்றுக்கு 50. கற்பித்துக்கொண்டே இதை உண்மையாகச் செய்ய யாராலும் முடியாது.

தவணைக்குப் பாடமொன்றுக்கு ஒரே செயற்பாடு, இரண்டே நியதி என்று குறைத்தால் அது 400 பதிவாகிவிடும். ஒரு பாடவேளையில் எட்டுப் பிள்ளைகளை மட்டும் கவனித்து எழுதினால் ஐந்து பாடவேளைகளில் ஒரு வகுப்பு முடியும். எந்த எட்டுப் பேர் என்பதை முதல் நாளே குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கை உயர்த்துகிற பிள்ளைகளே திரும்பத் திரும்ப ஏட்டில் வருவார்கள். கடைசி வாங்கில் இருப்பவர் தவணை முடியும்வரை கண்ணில் படமாட்டார். வராத பிள்ளைக்குப் பூச்சியம் போடும் பழக்கத்தையும் இப்போதே விட வேண்டும். 2025 நவம்பர் டித்வா புயலில் வீடிழந்து இடம்பெயர்ந்த பிள்ளைக்குப் போடப்படும் பூச்சியம், அவருக்கு அந்தப் பாடம் தெரியாது என்றல்லவா சொல்லும்? 'வரவில்லை' என்று எழுதி, இன்னொரு நாள் பார்க்கலாம்.

அடுத்தது நியதியை எழுதும் விதம். கலங்கிய நீரை மணல், சரளை, பஞ்சு கொண்டு வடிகட்டும் செயற்பாட்டை எடுத்துக்கொள்வோம். "ஆர்வத்துடன் பங்குபற்றினார்" என்று நியதி எழுதினால் 40 பேருக்கும் நான்குக்கு மூன்று விழும். ஆர்வத்தை அளக்க அளவுகோல் இல்லை. "வடிகட்ட முன்னும் பின்னும் நீரை ஒப்பிட்டு எழுதினார்" என்றால் கொப்பியைத் திறந்து பார்த்துச் சொல்லலாம். வித்தியாசத்தையும் அதற்குக் காரணத்தையும் எழுதியவருக்கு 4. வித்தியாசத்தை மட்டும் எழுதியவருக்கு 3. "தண்ணி தெளிஞ்சிட்டு" என்று ஒரு வரி எழுதியவருக்கு 2. படம் கீறிப் பெயரிட்டதோடு நின்றவருக்கு 1. இந்த நான்கு வரியையும் செயற்பாட்டுக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். பிறகு எழுதினால், கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளையின் விடைக்கு ஏற்றபடி வரிகள் வளைந்துவிடும்.

ஒரே கொப்பிக்கு ஓர் ஆசிரியர் 4உம் இன்னொருவர் 2உம் போட்டால் பெற்றோர் அந்தப் புள்ளியை நம்பமாட்டார்கள். இதற்குப் பெரிய செயலமர்வு தேவையில்லை. ஐந்து கொப்பிகள், பெயர் தெரியாமல் மடித்த அட்டை, மூன்று ஆசிரியர்கள், ஒரு பாடவேளை போதும். தனித்தனியாகப் புள்ளியிட்டுவிட்டு ஒப்பிட வேண்டும். ஒரு மட்டத்துக்கு மேல் வித்தியாசம் வந்த கொப்பியை மட்டும் பேசினால் போதும். அநேகமாகக் குழப்பம் நியதியின் சொல்லில் இருக்கும், அதைத் திருத்திவிடலாம். விஞ்ஞானத்துக்கு ஒரே ஆசிரியர் உள்ள மலையக, வன்னிப் பாடசாலைகளில் மூன்று பேரைத் தேட முடியாது. அங்கே கோட்டக் கல்வி அலுவலகம் அயல் பாடசாலைகளைச் சேர்த்து மாதம் ஒரு தடவை இருத்த வேண்டும். பேருந்துச் செலவை ஆசிரியரின் தலையில் கட்டக்கூடாது.

மணி அடிப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2025இல் 50 நிமிடப் பாடவேளை பற்றிப் பேசப்பட்டது. முடிவு எதுவானாலும், தரம் 6க்கு 50, மேல் வகுப்புகளுக்கு 40 என்று இரண்டு மணி வைத்தால் என்னவாகும்? 200ஆவது நிமிடம் வரை இரண்டும் சந்திக்காது. தரம் 6இல் முதலாம் பாடம் முடித்து தரம் 9க்குப் போகும் ஆசிரியர் அங்கே 10 நிமிடம் பிந்துவார். இரண்டாம் பாடம் முடித்துப் போனால் 20 நிமிடம், மூன்றாம் பாடம் முடித்துப் போனால் 30 நிமிடம் போய்விடும். இடைவேளையும் ஒத்துவராது. ஒன்றில் முழுப் பாடசாலைக்கும் ஒரே மணி, இல்லையேல் தரம் 6 ஆசிரியர்களுக்கு அன்றைய பாடங்களை இடைவேளைக்கு முன் அடுத்தடுத்து வைப்பது. இதை இந்த வருடமே பென்சிலால் போட்டுப் பார்க்கலாம். சனவரியில் முதல் மணி அடித்த பிறகு திருத்தப்போனால் இரண்டு கிழமை போய்விடும்.

பாடத் தொகுதி நேரத்துக்கு வராவிட்டால் அதிபர் போட்டோகொப்பிக்குப் போவார். 40 பக்கத் தொகுதியை 35 பிள்ளைகளுக்கு இரு பக்கமும் அடித்தால்கூட 700 தாள், அதாவது ஒன்றரை ரீமுக்குச் சற்றுக் குறைவு. அது ஒரு பாடத்துக்கு, ஒரு வகுப்புக்கு மட்டும். அந்தக் காசு கடைசியில் பெற்றோரிடமிருந்துதான் வரும். ஒப்படைகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் இன்னொரு செலவும் சேரும்: கொமியூனிகேஷன் கடையில் தட்டச்சு செய்து, படம் ஒட்டி, அட்டை போட்ட ஒப்படை. கணிப்பிடும் வேலை வகுப்பறையில் தொடங்கி வகுப்பறையிலேயே முடிய வேண்டும்.

கல்வி அமைச்சிடமும் தேசிய கல்வி நிறுவகத்திடமும் நாம் கேட்பது இதுதான். 2027 முதலாம் தவணைத் தொகுதிகள், சிங்கள மொழித் தொகுதிகள் வெளியாகும் அதே நாளில் தமிழிலும், கலைச்சொற் பட்டியலோடு, இவ்வருட மூன்றாம் தவணை தொடங்கும்போதே ஆசிரியர் கைக்கு வர வேண்டும். வந்ததும் ஆசிரியர் அதிலுள்ள ஒவ்வோர் இணைய முகவரியையும் தன் கைபேசியில் திறந்து பார்க்க வேண்டும். பிழையைக் கண்டால் ஆசிரிய ஆலோசகர் மூலம் அறிவிக்கக் கல்வி வலயத்துக்கு ஒரு தொலைபேசி இலக்கம், பதில் தர ஏழு நாள் என்று முன்கூட்டியே எழுத்தில் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆசிரிய ஆலோசகர்களாகப் பணியாற்றியோர் சிலர்,
வவுனியா.