பயிற்சிப் பள்ளி வீட்டுக்கு அருகில் வேண்டும்

ஐயா,

பி.எட். கல்லூரிகளில் வருகைப்பதிவைக் கண்டிப்பாக்க வேண்டும் என்ற தங்கள் தலையங்கம் படித்தேன். வகுப்புக்கே வராமல் பட்டம் வாங்குவது தவறுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிகள் பாடங்களுக்கு 80 சதவீதமும் பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதமும் வருகை கேட்கின்றன. வீட்டில் நோயாளியையோ கைக்குழந்தையையோ பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படித்தபோது மாமியார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பயிற்சிக்கு எனக்கு ஒதுக்கிய பள்ளிக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். விடியற்காலையில் அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். எங்கள் தெருவிலேயே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி இருந்தது. அங்கே மாற்றித் தரக் கேட்டேன். பட்டியல் போட்டாயிற்று என்று சொல்லிவிட்டார்கள். என்னோடு படித்த ஒருத்தி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சமாளிக்க முடியாமல் பாதியிலேயே நின்றுவிட்டாள். நன்றாகப் பாடம் எடுப்பாள். இன்று நினைத்தாலும் மனம் ஆறவில்லை.

வருகை நாட்களைக் குறைக்கச் சொல்லவில்லை. பராமரிப்புப் பொறுப்பு உள்ளவர்களுக்கு வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியை ஒதுக்கலாம். தவிர்க்க முடியாமல் விடுபட்ட பயிற்சி நாட்களை அதே கல்வியாண்டுக்குள் ஈடுசெய்யவும் அனுமதிக்கலாம். கல்வித்துறையும் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகமும் வரும் ஆண்டிலேயே இதைச் செய்ய வேண்டுகிறேன்.

- ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்